அம்மாவுக்குத் தொண்டையில் இட்லி அடைத்தது: இல்லத்தின் பொறுப்பு எதுவரை?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 78. பல வருடங்களாகப் பார்க்கின்சன் நோய், நடுவில் ஒருமுறை பக்கவாதம். மாதாமாதம் பணம் கட்டி ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் வைத்திருந்தீர்கள். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நாள், காலைச் சாப்பாட்டு நேரத்தில் இறந்துபோனார். இல்லத்தில் 'மாரடைப்பு' என்றார்கள். பிரேதப் பரிசோதனை இல்லை, அன்று மாலையே தகனம் முடிந்துவிட்டது. காரியம் முடிந்த பிறகு மிச்சச் சாமான்களை எடுக்கப் போனபோது, பக்கத்துக் கட்டில் பாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, 'மாரடைப்பெல்லாம் இல்லை, இட்லி தொண்டையில மாட்டிக்கிச்சு, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரல' என்றார். 'வழக்குப் போட முடியுமா' என்பது நீங்கள் கேட்டது. அதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. உண்மையில் என்ன நடந்தது, அதைத் தடுத்திருக்க முடியுமா, தடுக்காமல் விட்டதற்குச் சட்டம் யாரையாவது பதில் சொல்லவைக்குமா. கடைசி வரியில், 'அங்கே கொண்டுபோய் விட்டதே என் தப்புதானோ' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் வந்தவர்கள் எதை, எப்படி, எவ்வளவு சாப்பிடலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. மருத்துவமனையிலும் பார்க்கிறேன், முதியோர் இல்லங்களுக்கும் போகிறேன். சில வழக்குகளில் நிபுணர் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் நான் வழக்கறிஞர் இல்லை. சட்டம் பற்றி இங்கே சொல்வதை வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போய்ப் பேசலாம், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

முதலில் மாரடைப்பா, அடைப்பா என்பது. சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர் சத்தமில்லாமல் சரிந்தால் பார்ப்பவர்களுக்கு மாரடைப்பு என்றே தோன்றும். இது உலகம் முழுக்க நடந்த குழப்பம். அமெரிக்காவில் உணவகங்களில் இப்படித் திடீரென இறந்தவர்களை மாரடைப்பு என்று எழுதிவிட்டு, பிறகு அறுத்துப் பார்த்தால் குரல்வளையில் இறைச்சித் துண்டு சிக்கியிருந்தது. 1963-இல் ஹாகன் என்ற மருத்துவர் இதைக் கட்டுரையாக எழுதி, 'கஃபே கரோனரி' என்றே பெயர் வைத்தார். ஆக, இல்லத்தார் பொய்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அவர்களே அப்படி நம்பியிருக்கலாம். அதே சமயம், உங்கள் அம்மாவின் நிலையில் இருந்த ஒருவர் சாப்பாட்டு நடுவில் சரிந்தால் அடைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூச்சுக்குழல் முழுதாக அடைத்துவிட்டால் இருமல்கூட வராது, குரல் வராது. முகம் கறுத்து நீலம் பாய்ந்து, சற்று நேரத்தில் நினைவு தப்பும். மாரடைப்பு வந்தவரால் பெரும்பாலும் ஒரு வார்த்தையாவது சொல்லவோ முனகவோ முடியும். நல்ல உடம்புள்ளவர் தொண்டை அடைத்தால் கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்வார், எழுந்து ஓடுவார். பார்க்கின்சன் இருப்பவரால் அந்தச் சைகையைக்கூட வேகமாகச் செய்ய முடியாது. முகத்தில் பதற்றம் காட்டுவதும் அந்த நோயில் குறைந்துபோகும். அதனால் அறையின் மறுகோடியில் நிற்கும் பணிப்பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். பக்கத்துக் கட்டில் பாட்டிக்கு மட்டும் தெரிந்தது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இனி, அம்மாவுக்கு ஏன் ஆபத்து அதிகம் என்பது. ஒரு கவளத்தை விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும், குரல்வளை மேலே ஏறி மூட வேண்டும், நாக்கு உணவைப் பின்னால் தள்ள வேண்டும், உணவுக்குழல் வாய் திறக்க வேண்டும். தொண்டைப் பகுதி வேலை எல்லாம் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு குலைகிறது. பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு மிச்சம் இருக்கும். பார்க்கின்சனில் நாக்கு மெதுவாகிறது. கவளம் வாயிலேயே முன்னும் பின்னும் உருளும், தொண்டையில் தங்கிப்போகும், நோயாளிக்கு அது தங்கியிருப்பதே தெரியாது. இருமல் உணர்வும் மங்கிவிடுவதால் உணவு மூச்சுக்குழலுக்குள் இறங்கினாலும் இருமாமல் உட்கார்ந்திருப்பார்கள். 'எங்கம்மா புரையேறவே மாட்டாங்க' என்று பிள்ளைகள் நிம்மதியாகச் சொல்லும்போது எனக்குக் கவலைதான் அதிகமாகும்.

மருந்தையும் இதில் சேர்க்க வேண்டும். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லீவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கைகால்கள் ஓரளவு ஒத்துழைப்பது போலவே பலருக்கு விழுங்குவதும் ஓரளவு நன்றாக இருக்கும். மருந்தின் வேகம் இறங்கிய நேரத்தில் தட்டை நீட்டினால் மோசமாக இருக்கும். காலை மாத்திரையைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு இட்லியை முன்னால் கொடுக்கும் இல்லங்கள் எத்தனையோ. தூக்க மருந்தும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும் விழுங்குவதை மந்தப்படுத்தும். வாயை உலர்த்தும் மருந்துகள் இருந்தால் எச்சில் இல்லாமல் கவளம் வழுக்கி இறங்காது. பல்செட் சரியாகப் பொருந்தாவிட்டால் மெல்லாமலே விழுங்குவார்கள்.

இட்லியா என்று கேட்பீர்கள். நம் ஊரில் நோயாளிக்கு இட்லியைவிடப் பத்திரமான உணவே இல்லை என்று நம்புகிறோம். சூடாக, சாம்பாரில் நன்றாக ஊறி, கரண்டி முதுகால் மசித்த இட்லி சரி. காலை ஆறு மணிக்கு வேகவைத்து எட்டரை மணிக்கு ஆறிப்போய்ப் பரிமாறும் இட்லி, அதுவும் கெட்டிச் சட்னியோ பொடியோ தொட்டுக்கொண்டால், வாயில் உதிர்ந்து எச்சிலை எல்லாம் உறிஞ்சி ஒரு பந்தாகத் திரளும். தொண்டையில் அந்தப் பந்து ஒட்டிக்கொள்ளும். புட்டும் உலர்ந்த உப்புமாவும் இதே வகை. பழுத்த வாழைப்பழம், கொழுக்கட்டை, பன், அல்வா ஒட்டும் வகை. முழுத் திராட்சையும் வேர்க்கடலையும் நழுவி நேரே போய் அடைக்கும் வகை. பலரும் கவனிக்காதது ரசம் சாதம். தண்ணீரும் பருக்கையும் கலந்த உணவை ஒரே வாயில் கையாள்வது விழுங்கும் சிக்கல் உள்ளவருக்கு மிகக் கடினம். ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் தங்கிவிடும்.

இதற்கெல்லாம் இப்போது உலகம் முழுக்க ஒரு பொதுவான அளவுகோல் இருக்கிறது, ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று சொல்வோம். தண்ணீர் 0, சாதாரண உணவு 7 என்று எட்டு நிலைகள். 5-ஆம் நிலையில் பெரியவர்களுக்கு உணவுத் துணுக்கு 4 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக்கூடாது, 6-இல் 1.5 சென்டிமீட்டர் வரை போகலாம். முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், எடுத்ததும் பழைய வடிவுக்குத் திரும்பக்கூடாது. சமையல்காரருக்கு ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு முள்கரண்டியும் பத்து மில்லி சிரிஞ்சும் போதும்.

உணவைவிடப் பெரிய ஆபத்து ஊட்டும் முறையில் இருக்கிறது. நான் போகும் இல்லங்களில் முதலில் பார்ப்பது, ஊட்டுகிறவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்று. ஒரு காலை வேளையை நினைத்துப் பாருங்கள். நீளமான அறை, இரண்டு பக்கமும் கட்டில்கள், ஒரே ஒரு பணிப்பெண், கையில் தட்டு. கட்டிலின் தலைமாடு பாதிதான் உயர்ந்திருக்கிறது. பாட்டி சரிந்து கட்டிலின் கீழ்ப்பக்கம் இறங்கிக் கிடக்கிறார். பணிப்பெண் நின்றபடி கரண்டியை மேலிருந்து கொண்டுவருகிறார். கரண்டியைப் பார்க்கப் பாட்டி முகவாயைத் தூக்குகிறார், கழுத்து பின்னால் போகிறது. விழுங்கக்கூடாத கோணம் அதுதான். முதல் வாய் இன்னும் கன்னத்தில் இருக்கும்போதே இரண்டாவது வாய் போகிறது, ஏனென்றால் அடுத்த கட்டிலில் இன்னொருவர் காத்திருக்கிறார். நான்காவது வாய்க்குப் பிறகு தட்டைப் படுக்கை மேலேயே வைத்துவிட்டு, 'நீங்களே சாப்பிடுங்க பாட்டி' என்று நகர்கிறார். அந்தப் பெண்ணைக் குற்றவாளி ஆக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவர் செய்ய முடியாத எண்ணிக்கையை அவர் தலையில் கட்டியது நிர்வாகம்.

அடைத்த பிறகு கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். மூளைக்கு ஆக்சிஜன் போவது நின்று நான்கைந்து நிமிடங்களில் மீளாத சேதம் தொடங்கும். இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும். சத்தம் நின்றுவிட்டால் முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கைகளைக் கோத்து ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும், மாற்றி மாற்றி. நினைவு தப்பினால் தரையில் படுக்கவைத்து நெஞ்சழுத்தம், கூடவே 108. தண்ணீர் கொடுப்பதும், கண்ணுக்குத் தெரியாத உணவை விரலை விட்டுத் துழாவுவதும், நிலைமையை இன்னும் கெடுக்கும். நம் ஊரில் முதலில் செய்வது இந்த இரண்டும்தான். முதியவர்களைக் காசு வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்ளும் எந்த இடத்திலும், சாப்பாட்டு நேரத்தில் இதைச் செய்யத் தெரிந்த ஒருவராவது அந்த அறைக்குள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, தடுத்திருக்க முடியுமா? பொதுவாகச் சொன்னால், விழுங்கும் சிக்கல் தெரிந்த ஒருவருக்கு வரும் அடைப்பில் பெரும்பகுதி முன்கூட்டியே கணிக்கக்கூடியது, குறைக்கக்கூடியது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லா அடைப்பும் அலட்சியம் அல்ல. எல்லாம் சரியாகச் செய்தும் ஒருவர் இறப்பதைப் பார்த்திருக்கிறேன். சில பெரியவர்கள் மசித்த சாப்பாட்டைத் தொடவே மாட்டார்கள். 'எனக்கு முறுக்கு வேணும், போனா போகட்டும்' என்பார்கள். நினைவு தெளிவாக இருக்கும் ஒருவர் ஆபத்தைப் புரிந்துகொண்டு அப்படிச் சொன்னால் அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றே நான் சொல்வேன். அதை எழுதிவைக்க வேண்டும், குடும்பத்திடம் சொல்ல வேண்டும், சாப்பிடும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உங்கள் அம்மா விஷயத்தில் இப்படி ஏதாவது பேச்சு நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும்.

சட்டத்துக்கு வந்தால், என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்கு கடைசி ஐந்து நிமிடங்களில் தீர்மானமாவதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் தீர்மானமாகிறது. அம்மாவுக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்தது இல்லத்துக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வேண்டிய நிலையாவது இருந்ததா? தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? பக்கவாதம் வந்தபோது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மென்மையான உணவு', 'உட்காரவைத்து ஊட்டவும்' என்று ஒரு வரி இருந்து, அதன் நகலைச் சேர்க்கையின்போது நீங்கள் கொடுத்திருந்தால், உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு வரிதான். சளிக்காய்ச்சல் என்று அடிக்கடி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால், நுரையீரல் தொற்று மீண்டும் மீண்டும் வந்திருந்தால், எடை குறைந்துகொண்டே போயிருந்தால், சாப்பிடும்போது இருமுகிறார் என்று நீங்களே வாட்ஸப்பில் ஒருமுறை எழுதியிருந்தால், அவையும் எச்சரிக்கைகள்தான். இதையெல்லாம் பார்த்தும் தட்டில் மாற்றம் வரவில்லை என்றால் அதைச் சேவைக் குறைபாடு என்று வலுவாக வாதிட முடியும். இத்தகைய இல்லங்களின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வேளைக்கும், எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே பேனாவில் 'சாப்பிட்டார்', 'சாப்பிட்டார்', 'சாப்பிட்டார்'. மாத இறுதியில் ஒரே மூச்சில் எழுதியது என்பது பார்த்த உடனே தெரியும். அப்படி ஒரு பதிவேடு அவர்கள் தரப்பை வலுப்படுத்தாது.

உங்களுக்கு இருக்கும் வழிகளில் நடைமுறைக்கு உகந்தது நுகர்வோர் ஆணையம் என்று நினைக்கிறேன். பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பராமரிப்பு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை. மருத்துவச் சேவையே இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் இறந்துவிட்டால் சட்டப்படியான வாரிசு புகார் கொடுக்கலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை, கட்டிய தொகை முடிவு செய்கிறது. கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இல்லம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழுக்க இலவசமாக நடக்கும் இல்லம் என்றால் இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது. நீங்கள் மாதக் கட்டணம் கட்டியதாகச் சொல்வதால் அந்தச் சிக்கல் இல்லை. ரசீது தராமல் வாங்கியிருந்தாலும் வங்கிப் பரிமாற்றமே சாட்சி.

குற்ற வழக்கு வேறு கதை. சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். அதன் 106-ஆம் பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. மருத்துவ நடைமுறையின்போது பதிவுபெற்ற மருத்துவர் செய்த அலட்சியத்துக்கு இரண்டு ஆண்டு வரை என்ற குறைந்த தண்டனை உண்டு, இல்ல நிர்வாகிக்கு அது பொருந்தாது. பலருக்கும் தெரியாத இன்னொரு பிரிவு 357. நோயாலோ உடல் பலவீனத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பார்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 491. முதியோர் இல்லத்துக்கு என்றே எழுதியது போல இருக்கும். ஆனால் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது லேசு இல்லை. ஒரு உயிருக்கு இந்தத் தண்டனை போதுமா என்று கேட்டால், போதாது என்பதே என் பதில்.

குற்ற வழக்கில் உங்களுக்கு இருக்கும் பெரிய தடை, பிரேதப் பரிசோதனை இல்லாதது. இதை மறைத்துப் பேசி உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. இயற்கையாக நடக்காத மரணம் என்ற சந்தேகம் இருந்தால் காவல்துறைக்குச் சொல்லி, குற்ற விசாரணை நடைமுறைக்கான இப்போதைய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் விசாரணை நடந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும்கூட எல்லாம் தெளிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். மூச்சுக்குழலில் உணவு இருப்பது மட்டும் அடைப்புக்குச் சாட்சி ஆகாது. வேறு காரணத்தால் உயிர் பிரியும் நேரத்திலோ, நெஞ்சழுத்தம் கொடுக்கும்போதோ வயிற்றிலிருந்து மேலேறி வந்த உணவும் அங்கே இருக்கும். குரல்வளையை இறுக அடைத்த ஒரு திரளைப் பார்த்தால் தடயவியல் மருத்துவர் உறுதியாகச் சொல்வார், சிதறலான துணுக்குகளைப் பார்த்தால் தயங்குவார். உடலே இல்லாத நிலையில் சாட்சிகளையும் காகிதங்களையும் வைத்து, 'இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு' என்ற அளவுக்குத்தான் போக முடியும். நுகர்வோர் ஆணையத்துக்கு அந்த அளவு போதுமானதாக இருக்கலாம். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் பெரும்பாலும் போதாது.

இந்த இடத்தில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஜேக்கப் மேத்யூ தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், மருத்துவர் மீது குற்ற வழக்கு என்றால் மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த வழக்கின் விவரம் உங்களுக்கு நெருக்கமானது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. மேல்முறையீடு செய்த மருத்துவர் மீதான குற்ற வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் சிலிண்டரைத் தயாராக வைக்கத் தவறியதற்கு மருத்துவமனைக்கு உரிமையியல் பொறுப்பு, அதாவது இழப்பீடு தரும் பொறுப்பு, இருக்கலாம் என்ற வாசலை மூடவில்லை. தட்டை நீட்டிய கையையும் அந்தக் கையைத் தனியாக விட்ட நிர்வாகத்தையும் பிரித்துப் பார்க்க உங்கள் வழக்கறிஞருக்கு இது உதவும். எல்லா வழக்கிலும் நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் சொன்னதும் உதவும். ஆனாலும் உங்கள் விஷயத்தில் ஒரு நரம்பியல் மருத்துவர் அல்லது விழுங்கல் சிகிச்சையாளரின் கருத்தை வாங்கிக்கொள்வது நல்லது. இட்லியால் எப்படி ஒரு உயிர் போகும் என்பதை ஆணையத்தில் இருப்பவர்களுக்கு யாராவது விளக்கத்தான் வேண்டும்.

சேர்க்கும்போது 'எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அதைக் கண்டு பயந்துவிடாதீர்கள். குற்றப் பொறுப்பை யாரும் கையெழுத்தால் கழித்துவிட முடியாது. நுகர்வோர் சட்டத்திலும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்து 2019 முதல் இருக்கிறது. அந்தக் காகிதத்தில் 'உணவு, மருந்து, 24 மணி நேரக் கண்காணிப்பு' என்றெல்லாம் அவர்கள் தந்த வாக்குறுதி இருந்தால் அது உங்கள் பக்கம்தான் பேசும். விளம்பரத் துண்டறிக்கையும் அப்படித்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இங்கே இருக்கும் பெரிய ஓட்டை, விழுங்கும் சிக்கல் உள்ளவருக்கு இன்ன பயிற்சி பெற்றவர்தான் ஊட்ட வேண்டும் என்று இல்லங்களைக் கட்டிப்போடும் தெளிவான விதி நம்மிடம் வேரூன்றவில்லை என்பது. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் ஜீவனாம்சத்தையும், கைவிடுவதையும்தான் அதிகம் பேசுகிறது. இல்லங்களைப் பதிவு செய்து தரம் நிர்ணயிக்கும் திருத்த மசோதா 2019-இல் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கான 1987 சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் வந்த விதிகள்படி, ஊட்டுவதற்கு மட்டும் நியமிக்கும் உதவியாளருக்குக் குறைந்தது எட்டு மணி நேரப் பயிற்சி வேண்டும், செவிலியர் மேற்பார்வை வேண்டும், விழுங்குவதில் சிக்கல் உள்ளவருக்கு அவர் ஊட்டவே கூடாது. அங்கேயும் இல்லங்களில் அடைத்து இறக்கிறார்கள், வழக்குகள் நடக்கின்றன. ஆனால் விதி எழுத்தில் இருப்பதால் மீறியதைக் காட்டுவது எளிது. நம் வழக்கறிஞர் இதை ஒப்பீட்டுக்குக் காட்டலாம், கட்டாய விதியாகக் காட்ட முடியாது.

இப்போது உங்கள் கடைசி வரி. பக்கவாதமும் பார்க்கின்சனும் உள்ள ஒருவரை வீட்டில் தனி ஆளாகப் பார்த்துக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். வீட்டிலும் இதே அடைப்பு நடக்கிறது, பக்கத்தில் பிள்ளைகள் இருக்கும்போதே நடக்கிறது. பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன இடத்தை நம்பி விட்டீர்கள், பணம் கட்டினீர்கள். இதில் உங்கள் தப்பு என்று எதையும் நான் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியதை இந்த வாரமே தொடங்குங்கள். சேர்க்கைப் படிவம், தினசரிப் பதிவேடு, மருந்து அட்டவணை, அன்றைய பணியாளர் பட்டியல், கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படியும் நகல் தரும்படியும் போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கேளுங்கள். கேமரா பதிவு இந்நேரம் அழிந்திருக்கும், இருந்தாலும் கேட்டதாகப் பதிவில் இருக்கட்டும். பக்கவாத சிகிச்சை செய்த மருத்துவமனையிலும் ஆவணங்களைக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. சிகிச்சை ஆவணங்களை மூன்று ஆண்டு மட்டுமே வைத்திருக்கும் கடமை என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இறப்புக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்ட மருத்துவர் யார், அவர் அம்மாவை நேரில் பார்த்தாரா, இறந்த பிறகு வந்தாரா என்று விசாரியுங்கள். 108-ஐ அழைத்திருந்தால் அழைத்த நேரம் அங்கே பதிவாகியிருக்கும். அழைக்கவே இல்லை என்றால் அதுவும் ஒரு தகவல். வழக்கு ஒரு பக்கம் இருக்க, மாவட்ட சமூக நல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த இல்லத்தில் இன்னும் பலர் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். வழக்கறிஞருக்குச் செலவழிக்க முடியாத நிலை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100, முதியோருக்கான உதவி எண் 14567.

பக்கத்துக் கட்டில் பாட்டியைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் இன்னும் அதே இல்லத்தில், அதே பணியாளர்கள் கையால் சாப்பிடுகிறவர். நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே அவருடைய பிள்ளைகளிடம் பேசுங்கள். அவர்களும் அவரும் சம்மதித்தால் மட்டும், வழக்கறிஞரை வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார், யார் ஊட்டினார்கள், இருமல் சத்தம் கேட்டதா, யார் எப்போது வந்தார்கள், வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள், பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். அந்தக் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வைத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதில் விழுங்குவது பற்றி ஏதாவது வரி இருந்தால், ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள், அதன் மருத்துவப் பொருள் என்ன என்று சொல்கிறேன்.